செப்பனிட்ட சிறகுகள்

நுழையும்முன்

1930ஆம் ஆண்டில் 26 வயதுப் பெண் ஒருவர், பழைய சிறு வானூர்தி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, அதில் தனியொருவராக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை பறந்து சென்றார். அவ்வூர்தி வழியெங்கும் உடைந்தது. உடைந்த இடங்களிலெல்லாம் செப்பனிடப்பட்டது. பறக்கக் கற்றதோடு நில்லாது பழுது நீக்கவும் கற்றிருந்த ஏமி ஜான்சனின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புல்திடலும் அந்துப்பூச்சியும்

லண்டன் மாநகரின் வடமேற்கு ஓரத்தில் எட்ஜ்வேர் என்னும் பகுதிக்கு அருகே ஸ்டாக் லேன் என்றொரு புல்திடல் இருந்தது. ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்பவரின் வானூர்தித் தொழிற்சாலை அங்குதான் இயங்கியது. அவர் அந்துப்பூச்சிகளிலும் வண்ணத்துப்பூச்சிகளிலும் ஆராய்ச்சி ஆர்வம் உடையவர். 1925ஆம் ஆண்டில் தாம் உருவாக்கிய சிறிய வானூர்திக்கு அந்துப்பூச்சியைக் குறிக்கும் 'மாத்' என்னும் பெயரையே சூட்டினார். பின்னர் 'ஜிப்சி' என்னும் புதிய எஞ்சின் அதில் பொருத்தப்பட்டபோது அது 'ஜிப்சி மாத்' ஆயிற்று.

அதுவரை வானூர்தி என்பது படைகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. மாத் அந்த நிலையை மாற்றியது. மரச்சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டப்பட்ட துணியே அதன் இறக்கை. அத்துணியின்மீது ஒருவகை அரக்குக் கரைசலைப் பூசுவர். காய்ந்ததும் துணி முரசுத்தோல்போல் விறைத்து நிற்கும். உடற்பகுதி ஒட்டுப்பலகையால் ஆனது. எஞ்சினில் நான்கு உருளைகள்; அதன் ஆற்றல் 100 குதிரைத்திறன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த இருக்கைகள். நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இறக்கைகளை விரித்தால் அகலம் 9 மீட்டர். அந்த இறக்கைகளைப் பின்புறமாக மடக்கிவிடலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு. மடக்கிய மாத்தை மகிழுந்தின் பின்னால் கட்டி இழுத்துச் சென்று வீட்டுக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளலாம். புதிய மாத் ஒன்றின் விலை ஏறத்தாழ 650 பவுண்டு. எளியோருக்கு அஃது எட்டாத தொகையே. எனினும் நடுத்தரச் செல்வர் ஒருவர் முயன்றால் வானூர்திக்கு உரிமையாளர் ஆகலாம் என்னும் நிலை அதனால் பிறந்தது.

அதே திடலில் லண்டன் வானூர்திக் கழகம் உறுப்பினர்களுக்குப் பறக்கும் பயிற்சி அளித்துவந்தது. 1928ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்கழகத்தில் வழக்கறிஞர் அலுவலகத் தட்டச்சர் ஒருவர் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவரே ஏமி ஜான்சன்.

தட்டச்சரின் இரண்டாம் படிப்பு

ஏமி 1903ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இங்கிலாந்தின் கிழக்குக் கரைத் துறைமுக நகரமாகிய ஹல்லில் பிறந்தார். தந்தை ஜான் வில்லியம் ஜான்சன் மீன் வணிகர். நான்கு பெண்மக்களில் ஏமியே மூத்தவர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்ற பெண்ணுக்கு ஆசிரியர் பணியும் அலுவலக எழுத்துப் பணியுமே பெரும்பாலும் வாய்த்தன. ஏமி இரண்டாவதைத் தேர்ந்து லண்டனுக்கு வந்தார். ஊதியத்தில் ஒரு பகுதி வயிற்றுக்கும் வாடகைக்கும் போக, எஞ்சியது பறத்தலுக்குச் செலவாயிற்று.

அவர் பிறவி விமானி அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் பயிற்சியில் ஆசிரியர் அவரிடம் எவ்விதத் திறமையையும் காணவில்லை. மற்றவர்கள் பத்து மணி நேரப் பயிற்சியிலேயே தனித்துப் பறக்கத் தொடங்கிவிட, ஏமிக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் தேவைப்பட்டது. தரையிறக்கம் அவருக்குக் கடைசிவரை எளிதில் கைவரவில்லை. பின்னாளில் அவர் வானூர்தி கண்ட சேதங்களில் பெரும்பாலானவை தரையிறங்கும்போது நிகழ்ந்தவையே.

ஆனால் கொட்டகைக்குள் அவர் வேறொருவராக இருந்தார். கழகத்தின் தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ப்ரீஸ். அவருடைய பணிமனையில் பெண்கள் நுழைவது வழக்கமில்லை. ஏமி அங்கே சென்று வேலை கற்றுத்தருமாறு கேட்டார். முதலில் தயங்கிய ஹம்ப்ரீஸ், தரையைக் கூட்டுவது முதல் எஞ்சினைப் பிரித்து மாட்டுவது வரை எவ்வேலையையும் தட்டாமல் செய்த அந்தப் பெண்ணைச் சில வாரங்களில் தம் மாணவராகவே ஏற்றுக்கொண்டார். விடியற்காலையில் பணிமனை, பகலில் தட்டச்சு, மாலையில் மீண்டும் பணிமனை என்று ஏமியின் நாள்கள் கழிந்தன. கைந்நகங்களில் படிந்த எண்ணெய்க் கறையோடு அவர் அலுவலகத்தில் கடிதங்களைத் தட்டச்சு செய்தார்.

1929ஆம் ஆண்டில் விமானி உரிமம் பெற்றார். அவ்வாண்டு இறுதியில் தரைப் பொறியாளர் உரிமமும் அவருக்குக் கிடைத்தது. பறப்பதற்கு முன் ஒரு வானூர்தியின் எஞ்சினையும் உடலையும் சோதித்து, அது பறக்கத் தகுதியுடையது என்று கையொப்பமிடும் அதிகாரத்தைத் தருவது அவ்வுரிமம். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் ஏமியே. விமானி உரிமம் பெற்ற பெண்கள் அப்போது வேறு சிலரும் இருந்தனர். அவர்களுள் பலர் செல்வக் குடியினர். அவர்களது ஊர்தியைப் பேண ஊதியம் பெறும் ஆள்கள் இருந்தனர். ஏமிக்கு அவ்வாறு ஆளில்லை. இந்த வேறுபாடே பின்னர் அவர் உயிரைக் காத்தது எனலாம்.

பழைய ஊர்தி, புதிய உரிமையாளர்

ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறப்பது என்று ஏமி முடிவு செய்தார். 1928ஆம் ஆண்டில் பெர்ட் ஹிங்க்லர் என்னும் ஆஸ்திரேலிய விமானி அத்தொலைவைப் பதினைந்தரை நாளில் தனியாகக் கடந்திருந்தார். அந்தச் சாதனையை முறியடிப்பதே ஏமியின் இலக்கு. அதுவரை அவர் தனித்துப் பறந்த மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து பிறந்த ஊரான ஹல் வரை மட்டுமே. கடல் கடந்து பறந்ததில்லை. மொத்தப் பறப்பு நேரம் நூறு மணியைக்கூட எட்டவில்லை. இவருக்கு வானூர்தி வாங்கப் பணம் தர எவரும் முன்வராததில் வியப்பில்லை. நாளிதழ்களும் நிறுவனங்களும் கைவிரித்தன. இறுதியில் வான் போக்குவரத்துத் துறையின் இயக்குநர் செஃப்டன் பிராங்கருக்கு ஏமி எழுதிய மடல் பயன் தந்தது. அவர் பரிந்துரைக்க, காஸ்ட்ரால் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் வேக்ஃபீல்டு பிரபு உதவ இசைந்தார். விலையை ஏமியின் தந்தையும் வேக்ஃபீல்டும் பகிர்ந்துகொண்டனர். வழிநெடுகப் பெட்ரோலும் எண்ணெயும் கிடைக்கவும் வேக்ஃபீல்டு ஏற்பாடு செய்தார்.

அவ்வாறு 600 பவுண்டுக்கு வாங்கப்பட்டது 1928ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஜிப்சி மாத் ஒன்று. முன்பே பிறர் பயன்படுத்திய ஊர்தி அது. பச்சை நிறம் பூசி, வெள்ளி நிறத்தில் எழுத்துகள் பொறித்து, 'ஜேசன்' என்று ஏமி அதற்குப் பெயரிட்டார். பொன்னிறக் கம்பளியைத் தேடிக் கடல் கடந்த கிரேக்க வீரனின் பெயர் அது. ஆயினும் ஏமி அந்த வீரனை எண்ணிப் பெயரிடவில்லை. தந்தையின் மீன் நிறுவனத்து வணிகச் சின்னமே 'ஜேசன்'. உலகப் புகழ் பெறவிருந்த ஊர்தி, மீன் பெட்டிகளின்மேல் இருந்த பெயரைத் தாங்கிப் பறந்தது.

சொந்த ஊர்தி கைக்கு வந்ததும் அதை மேம்படுத்தும் வேலை தொடங்கியது. ஜிப்சி மாத்தின் பெட்ரோல் கலன் மேலிறக்கையின் நடுவில் அமைந்தது. அதில் ஏறத்தாழ 86 லிட்டர் கொள்ளும். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறக்க அது போதும். பாலைவனத்தையும் கடலையும் கடக்க அது போதாது. ஆகவே முன் இருக்கை இருந்த இடம் மூடப்பட்டு அங்கே பெரிய கலன் இடம்பெற்றது. கூடுதல் கலன்களில் உள்ள பெட்ரோலைப் பறந்துகொண்டே கையால் இறைத்து மேலிறக்கைக் கலனுக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து அது தானே எஞ்சினுக்கு வழிந்து வரும். எளிய ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. கலன் நிறைந்தால் ஊர்தியின் எடை கூடும். தரையைவிட்டு எழ நெடுந்தொலைவு ஓட வேண்டும். பெட்ரோல் ஆவி விமானியின் முகத்தில் அடிக்கும். பயணத்தின் தொடக்க நாள்களில் இறைப்பானை இயக்கி இயக்கி ஏமிக்குக் கை சோர்ந்தது. ஆவியால் குமட்டல் ஏற்பட்டது.

மாற்றுச் சுழல்விசிறி ஒன்றை ஊர்தியின் பக்கவாட்டில் கட்டினார். அது பறப்புக்கு இடையூறு, காற்றின் தடையைக் கூட்டும், வேகத்தைக் குறைக்கும். விரைவே குறியான ஒருவர் அதை விட்டுச் சென்றிருப்பார். வழியில் எது உடையும் என்பதைப் பணிமனையில் கற்றிருந்த ஏமி அதைச் சுமந்து சென்றார். கருவிப் பெட்டி, துணி ஒட்டும் பொருள்கள், வான்குடை, கைத்துப்பாக்கி ஆகியனவும் உடன் சென்றன. வானொலிக் கருவி இல்லை. நிலப்படத்தின்மேல் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்து, இயன்றவரை நேர்வழியையே தேர்ந்தார்.

ஆறு நாளில் கராச்சி

1930ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் காலை, லண்டனுக்குத் தெற்கேயுள்ள குரோய்டன் வானூர்தி நிலையத்தில் ஏமியை வழியனுப்பத் தந்தையும் நண்பர்கள் சிலருமே வந்திருந்தனர். நாளிதழ்கள் பொருட்படுத்தவில்லை. முதல் முயற்சியில் ஜேசன் எடை தாங்காது எழவில்லை. இரண்டாம் முறை எழுந்தது. அன்று வியன்னா, மறுநாள் இஸ்தான்புல், மூன்றாம் நாள் அலெப்போ. இடையில் டாரஸ் மலைத்தொடரின்மேல் மேகம் மூடிக்கொள்ள, மலையிடுக்கில் ஓடிய இருப்புப்பாதையைப் பற்றிக்கொண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பறந்து வெளியேறினார்.

நாள்தோறும் தரையிறங்கியதும் விமானி ஏமியின் வேலை முடியும். பொறியாளர் ஏமியின் வேலை தொடங்கும். எண்ணெயை மாற்றுதல், தீப்பொறிச் செருகிகளைத் துடைத்தல், பெட்ரோலை வடிகட்டி நிரப்புதல், கம்பிகளையும் மரையாணிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தல் என இரவு நெடுநேரம் வரை அப்பணி நீளும். பிறகு மூன்று மணி நேரத் தூக்கம். விடியுமுன் மீண்டும் பயணம். ஓர் ஊரில் உதவிக்கு வந்த தொழிலாளர்கள் தாமே செய்து தருவதாகக் கூறி அவரைத் தூங்க அனுப்பினால் அவருக்கு உறக்கம் கொள்ளாது. பிறர் கைபட்ட எஞ்சினை மறுமுறை சோதித்த பின்னரே அவர் புறப்படுவார்.

நான்காம் நாள் பாக்தாதை நோக்கிச் செல்கையில் மணற்புயல் சூழ்ந்தது. ஊர்தி பல நூறு மீட்டர் கீழே தள்ளப்பட்டது. கண்ணாடி முழுவதும் மணல். தரை எங்கே என்று தெரியாத நிலையில் ஏமி எப்படியோ பாலைவனத்தில் இறங்கினார். இறங்கியதும் அவர் செய்தவை கவனிக்கத்தக்கவை. ஊர்தியின் மூக்கைக் காற்றை எதிர்நோக்கித் திருப்பினார். உருண்டோடாதிருக்கச் சக்கரங்களுக்கு எதிரே தம் பெட்டிகளைத் தள்ளி வைத்தார். எஞ்சினுக்குள் மணல் புகாதபடி தார்ப்பாயால் மூடினார். இவற்றையெல்லாம் முடித்த பின்னரே அச்சப்படுவதற்கு அவருக்கு நேரம் கிடைத்தது. வால்பகுதியின்மேல் அமர்ந்து, கைத்துப்பாக்கியைப் பிடித்தவாறு, எங்கோ குரைக்கும் நாய்களின் ஒலியைக் கேட்டபடி மூன்று மணி நேரம் காத்திருந்தார். புயல் தணிந்ததும் எஞ்சின் முதல் சுழற்சியிலேயே உயிர் பெற்றது.

மே 10ஆம் நாள் ஜேசன் கராச்சியில் இறங்கியது. அன்று அவ்வூர் பிரிட்டிஷ் இந்தியாவின் வாயில். ஆறு நாளில் இந்தியாவை எட்டி, ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார் ஏமி. முதல் நாளன்று அவரைக் கண்டுகொள்ளாத நாளிதழ்கள் இப்போது முதல் பக்கத்தில் அவர் பெயரை அச்சிட்டன.

உடைந்ததும் ஒட்டியதும்

அங்கிருந்துதான் துன்பம் தொடர்ந்தது. கராச்சியிலிருந்து அலகாபாத் செல்லும் வழியில் எதிர்க்காற்றால் பெட்ரோல் தீரும் நிலை ஏற்பட்டது. ஜான்சியில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடலைக் கண்டு இறங்கினார். திடல் சிறிது, ஊர்தியோ நிற்கவில்லை. வீரர்கள் சிதறி ஓட, ஜேசன் பாசறைக் கட்டடங்களுக்கு இடையே சென்று சிக்கியது; இறக்கை கிழிந்தது. அங்கிருந்த தச்சர் மரச்சட்டத்தைச் சீர்செய்தார், துணி ஒட்டப்பட்டது. தம் கையிருப்பில் இருந்த அரக்குக் கரைசலை ஏமி அங்கே பெரிதும் செலவிட நேர்ந்தது. மறுநாளே அலகாபாத் வழியாகக் கல்கத்தா சென்றார். அப்போதும் ஹிங்க்லரைவிட முன்னிலையில்தான் இருந்தார்.

மே 13ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து ரங்கூனுக்குப் புறப்பட்டார். பருவமழை தொடங்கிவிட்டது. திறந்த இருக்கையில் மழைநீர் தேங்கியது. ரங்கூனின் குதிரைப் பந்தயத் திடலில் இறங்குவது திட்டம். மழைத்திரையினூடே தெரிந்த ஒரு பசுந்திடலை அதுவென்று எண்ணி இறங்கினார். அஃது ஊருக்கு வெளியே இன்செயின் என்னுமிடத்தில் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றின் விளையாட்டுத் திடல். ஜேசன் திடலைக் கடந்து ஓடிப் பள்ளத்தில் மூக்குப்பட விழுந்தது. சுழல்விசிறி உடைந்தது, சக்கரத் தாங்கி நொறுங்கியது, கீழிறக்கை கந்தலாயிற்று. ஏமி அங்கேயே அழுதுவிட்டார். சாதனை தம் கையைவிட்டுப் போவது அவருக்கு அக்கணமே விளங்கியிருக்க வேண்டும்.

ஆனால் வேறு எந்த ஊரில் விழுந்திருந்தாலும் ஜேசனின் கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும். விழுந்த இடம் மரவேலையும் இரும்புவேலையும் பயிற்றும் பள்ளி. ஆசிரியர்களும் பர்மிய மாணவர்களும் கூடிவிட்டனர். உடைந்த இறக்கைச் சட்டங்களைப் பார்த்து அதே அளவில் புதியன செதுக்கினர். வளைந்த தண்டுகளைக் காய்ச்சி நிமிர்த்தினர். இறக்கைக்குத் துணி வேண்டுமே! முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சிய வானூர்தித் துணி அப்பகுதியில் விற்பனைக்கு வந்து, அதனால் சட்டைகள் தைக்கப்பட்டிருந்தன. அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டனர். தீர்ந்துபோன அரக்குக் கரைசலுக்கு ஈடாக மருந்தாளர் ஒருவர் தமக்குத் தெரிந்த முறையில் ஒன்றைக் கலந்து தந்தார். பக்கவாட்டில் கட்டிச் சுமந்து வந்த மாற்றுச் சுழல்விசிறி, கட்டவிழ்த்துப் பொருத்தப்பட்டது. குரோய்டனிலிருந்து காற்றுத் தடையாக வந்த சுமை அன்று பயன் தந்தது. எஞ்சினை ஏமி தாமே பார்த்துக்கொண்டார். பள்ளத்தில் கிடந்த ஊர்தி மூன்று நாளில் எழுந்து நின்றது.

இன்செயின் திடல் மேலெழும்பப் போதாது. எனவே ஜேசனின் இறக்கைகளை மடக்கிச் சாலை வழியே ரங்கூன் பந்தயத் திடலுக்கு இழுத்துச் சென்றனர். வீட்டுக் கொட்டகையில் நிறுத்துவதற்காக டி ஹாவிலண்ட் அமைத்த கீல்கள், பர்மாவின் மழைச் சேற்றில் இவ்வாறு உதவின.

புகழ்பெற்ற பயணங்களின் வரலாற்றில் விமானியின் பெயர் மட்டுமே நிற்கிறது. இன்செயின் மாணவர்களின் பெயர்களை எந்தப் பாடநூலும் குறிக்கவில்லை. அவர்களது கைவேலையைச் சுமந்துகொண்டே ஜேசன் அதன்பின் பாங்காக், சிங்கோரா, சிங்கப்பூர் எனப் பறந்தது.

சிங்கப்பூரை அடைந்தபோது நாள் 14 ஆகிவிட்டது. ஹிங்க்லரின் சாதனை எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது. ஏமி நின்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் தொடர்ந்தார். ஜாவாத் தீவில் மறுபடியும் வானிலை கெட, கரும்பாலை ஒன்றின் நிலத்தில் இறங்கினார். அங்கே வீடு கட்டுவதற்காக அளந்து நட்டிருந்த மூங்கில் முளைகள் கீழிறக்கையைத் துளைத்தன. கையில் துணியும் இல்லை, கரைசலும் இல்லை. காயங்களுக்கு ஒட்டும் மருத்துவப் பட்டையை எடுத்துத் துளைகளின்மேல் ஒட்டினார், மறுநாள் பறந்தார். பணிமனைச் சட்டங்களின்படி அது முறையான பழுதுநீக்கம் ஆகாது. ஆனால் எந்தத் துளை இறக்கையின் வலிமையைக் குலைக்கும், எது மேல்துணியோடு நிற்கும் என்று பிரித்தறியும் பயிற்சி உடையவர் ஒட்டிய பட்டை அது.

திமோர் தீவில் இறங்கியபோது செய்தி அனுப்ப வழியில்லாமல் போயிற்று. ஏமி காணாமற்போனார் என்று லண்டனில் செய்தி பரவியது. ஹல்லில் பெற்றோர் உறக்கமின்றிக் காத்திருந்தனர். மே 24 காலையில் அவர் திமோர் கடலின்மேல் புறப்பட்டார். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளும் திறந்த கடல், ஒற்றை எஞ்சின், கீழே சுறாக்கள். நடுக்கடலில் நின்ற எண்ணெய்க் கப்பல் ஒன்று ஜேசனைக் கண்டு உலகுக்குச் செய்தி அனுப்பியது. அன்று பிற்பகல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் ஜேசன் தரைதொட்டது. குரோய்டனிலிருந்து ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர், பத்தொன்பதரை நாள்.

சாதனைக்குப் பின்

ஹிங்க்லரை முந்த இயலவில்லை என்னும் வருத்தமே இறங்கியபோது ஏமியின் மனத்தில் இருந்தது. உலகமோ அதை எண்ணவில்லை. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனித்துப் பறந்த முதல் பெண் என்று கொண்டாடியது. அவர் பெயரில் பாடல் புனையப்பட்டது. 'டெய்லி மெயில்' நாளிதழ் 10,000 பவுண்டு அளித்தது, அரசு சி.பி.இ. விருது வழங்கியது. நகர்தோறும் ஊர்வலம், விருந்து, உரை. பயணத்தின் களைப்பு தீருமுன் இவை அவரைச் சூழ்ந்தன. ஐந்து நாள் கழித்து பிரிஸ்பேன் நகரில் பெருங்கூட்டத்தின் முன்னே இறங்கியபோது ஜேசன் எல்லை கடந்து ஓடிக் கவிழ்ந்தது. பாலைவனமும் பருவமழையும் செய்யாததைப் பாராட்டு விழா செய்தது. ஏமிக்குக் காயமில்லை, ஆயினும் எஞ்சிய நகரங்களுக்கு அவர் பிறர் ஓட்டிய வானூர்தியில் பயணியாகவே சென்றார்.

அதன்பின் அவருக்கு வாய்த்த ஊர்திகள் பல. 1931ஆம் ஆண்டில் 'இரண்டாம் ஜேசன்' என்னும் மூடிய அறையுடைய 'பஸ் மாத்' ஊர்தியில் டோக்கியோ வரை பறந்தார். லண்டனிலிருந்து மாஸ்கோவை ஒரே நாளில் அடைந்தவர் என்னும் பெருமை அப்பயணத்தில் கிட்டியது. உடன் பறந்தவர் வேறு யாருமல்லர்; கூட்டித் துடைக்கும் வேலையிலிருந்து பாடம் தொடங்கிய ஜாக் ஹம்ப்ரீஸ்தான். 1932ஆம் ஆண்டில் விமானி ஜிம் மோலிசனை மணந்தார். அவ்வாண்டு நவம்பரில் லண்டனிலிருந்து கேப் டவுன் வரை தனியே பறந்து, கணவர் நிகழ்த்திய சாதனையையே முறியடித்தார். 1934ஆம் ஆண்டு இங்கிலாந்து–ஆஸ்திரேலியா வானூர்திப் போட்டியில் கணவருடன் விரைவூர்தியில் கலந்துகொண்டபோது, நான்காண்டுகளுக்கு முன் தனியாகக் கடந்த அதே அலகாபாத்தில் எஞ்சின் கோளாறால் போட்டியைக் கைவிட வேண்டியதாயிற்று. 1938ஆம் ஆண்டில் மணமுறிவு ஏற்பட்டது. இந்த ஆண்டுகளில் அவர் ஏற்ற பொறுப்புகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. 1934 முதல் 1937 வரை பெண் பொறியாளர் கழகத்தின் தலைவராக அவர் விளங்கினார். விமானி என்று உலகம் அழைத்தவரைப் பொறியாளர் என்று அழைத்தது அக்கழகம்.

இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலைகளிலிருந்தும் பணிமனைகளிலிருந்தும் போர் வானூர்திகளை விமானப்படைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்கும் துணைப்படையில் 1940ஆம் ஆண்டு சேர்ந்தார். அங்கே ஊர்திக்கு உரிமையாளர் இல்லை. இன்று ஒன்று, நாளை மற்றொன்று. 1941ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகேயுள்ள தளத்துக்கு இரட்டை எஞ்சின் பயிற்சி ஊர்தி ஒன்றை ஓட்டிச் சென்றார். பனியும் மேகமும் அடர்ந்த நாள். வழி தவறிய ஊர்தி, செல்ல வேண்டிய இடத்திலிருந்து வெகுதொலைவில், தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்துக்கு மேலே வந்தது. வான்குடையில் குதித்த ஏமி உறைகுளிர் நீரில் விழுந்தார். அவ்வழியே வந்த 'ஹேசில்மியர்' கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெச்சர், கயிறு எட்டாததைக் கண்டு தாமே கடலில் குதித்தார். ஏமியைக் காப்பாற்ற இயலவில்லை. குளிர் தாக்கி ஃபிளெச்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

பிரிஸ்பேனில் கவிழ்ந்த ஜேசன் மீண்டும் செப்பனிடப்பட்டு இங்கிலாந்து திரும்பியது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் வானூர்திக் கூடத்தில், பச்சை உடலும் வெள்ளி எழுத்துமாக, இறக்கைகள் விரிந்த நிலையில் அஃது இன்றும் தொங்குகிறது.